பதினோரு நிமிஷத் தொலைவு

“எனக்குச் சால்வை வேணாங்க சார். கீரிவளவுக்கு நர்ஸம்மாவத் திருப்பி அனுப்புங்க.”

ஜெஸி கேட்டேவிட்டாள். எதை வேண்டுமானாலும் கேட்கலாம், அதை மட்டும் கேட்கக் கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்றைக்கே சொல்லி வைத்திருந்தார்கள். சம்பளம் கூட்டிக் கேள், மழைக்கோட்டு கேள், கூட ரெண்டு நாள் லீவு கேள். ஆள் கேட்காதே. மலைக்கு ஆள் அனுப்ப வேண்டியதில்லை என்று காட்டத்தான் கம்பெனி ட்ரோன் விடுகிறது. அதை இறக்கி வாங்குகிறவளே ஆள் வேண்டும் என்று நின்றால் எப்படி?

எதிரே உட்கார்ந்திருந்த இளஞ்செழியன் சார்தான் கம்பெனியின் கள்ளக்குறிச்சிப் பொறுப்பாளர். அவளுக்குச் சால்வை போடுகிற பாராட்டு விழா நடக்கப்போகிற கல்யாண மண்டபத்தில் மணமகன் அறையை அன்றைக்கு அவருக்கு ஆபீஸாக ஒதுக்கியிருந்தார்கள். சுவர் முழுக்கக் கண்ணாடி, கண்ணாடியைச் சுற்றிப் பல்பு. ஜெஸிக்குத் தன் முகம் மூன்று பக்கமும் தெரிந்தது. மூன்றும் உர்ரென்று இருந்தன.

அவர் செல்போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். சென்னையிலிருந்து வருகிறவர்கள் தியாகதுருகம் தாண்டிவிட்டார்களாம், இதைப் பேசுகிற நேரமா இது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் யாரிடமும் கோபப்பட்டு அவள் பார்த்ததில்லை. அவளுக்கு எரிச்சலே அதுதான்.

“விழா முடியட்டும்மா. நீ மேடைக்கு வந்து ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும். மருந்து பதினோரு நிமிஷத்துல வந்துச்சு, நான் ஊசி போட்டேன், காசியம்மா பொழைச்சிக்கினாங்க. நடந்ததத்தானே சொல்லச் சொல்றேன்?”

நடந்ததுதான். அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. பொய்யாக இருந்தால் மேடையிலேயே மறுத்துவிட்டு இறங்கிவிடலாம்.

கீரிவளவும் புங்கம்பாடியும் கல்வராயன் மலையின் வடக்கு மூலையில் எதிரெதிர் முகட்டில் இருக்கிற ஊர்கள். நடுவில் பெரும் பள்ளம். கீரிவளவின் மொட்டைப் பாறையில் ஏறி நின்றால் புங்கம்பாடியின் தண்ணீர் டேங்கும், அதன் பக்கத்தில் ஆஸ்பத்திரிக் கட்டடமும் தீப்பெட்டி அளவில் தெரியும். வானத்தில் போனால் ஏழு கிலோமீட்டர். தரையில் போனால் மலையை விட்டு முழுசாக இறங்கி, அடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு, அந்தப் பக்கத்து மலையில் மறுபடி முதலிலிருந்து ஏற வேண்டும். ஜீப் கிடைத்து, வழியில் மரம் கிரம் விழாமல் இருந்தால் நாலரை மணி நேரம். பள்ளத்துக்குள் இறங்கி ஏறுகிற ஒற்றையடித் தடம் ஒன்றும் இருந்தது. நல்ல காலுள்ளவர்கள் விடியலில் புறப்பட்டுப் பொழுது சாய அந்தப் பக்கம் சேர்வார்கள். மழை பிடித்துக்கொண்டால் அதுவும் கிடையாது.

ட்ரோனுக்கு வளைவும் இல்லை, அடிவாரமும் இல்லை. புங்கம்பாடியில் தமிழரசன் ஏற்றிவிட்டால் பதினோரு நிமிஷத்தில் ஜெஸியின் தலைக்குமேல் வந்து நிற்கும். ஊரில் அதற்குத் தும்பி என்று பேர். முதல் வாரம் எல்லோரும் பாறைக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு ஆடுகள்கூடப் பார்க்கவில்லை.

அவள் வேலை என்னவென்றால், தமிழரசன் போன் போட்டதும் பாறைமேல் படுத்திருக்கிற ஆடுகளை விரட்ட வேண்டும். ஆரஞ்சுத் தார்ப்பாயை விரித்து நாலு மூலைக்கும் கல் வைக்க வேண்டும். கம்பில் கட்டிய துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கடைசியில் “களம் காலி” என்று சொல்ல வேண்டும். பெட்டி இறங்கும். மருந்தை எடுத்துக்கொண்டு வெறும் பெட்டியை அனுப்பினால் அது போய்விடும். அதற்குப்பின் பேச ஆளிருக்காது.

நைனார்பாளையத்தில் கொத்தனார் வேலை பார்க்கிற சின்னப்பனுக்கும், அடுத்தவர் மரவள்ளிக் காட்டில் களை எடுக்கிற ஆனந்தமேரிக்கும் மூத்த மகள் அவள். அந்த வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள். இயற்பியல் படித்துவிட்டு ரெண்டு வருஷம் வீட்டில் உட்கார்ந்தவளுக்கு, சென்னையில் ட்ரோன் பயிற்சி, உடனே வேலை என்று வந்தபோது யார்தான் வேண்டாம் என்பார்கள்? அவளுக்கு முன்னால் அந்தப் பாறைக்கு வந்த ரெண்டு பெண்கள் மாசம் முடிவதற்குள் ஓடிவிட்டார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

தங்கச் சொன்னது துணை சுகாதார நிலையத்தின் பின்னறையில். அதுவரை சந்தியா என்கிற நர்ஸ் அங்கே மூன்று வருஷம் இருந்தாள். கண்ணாடியின் ஓரத்தில் அவள் ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டுகள் வரிசையாக அப்படியே இருந்தன. ஜெஸி பொட்டு வைக்கிறவள் இல்லை. ஆனாலும் அவற்றைப் பிய்த்துப் போட மனசு வரவில்லை. காலையில் பல் விளக்கும்போது யாரோ நின்றுவிட்டுப் போன மாதிரி ஒரு துணை.

சந்தியாவை ஏன் மாற்றினார்கள் என்பது ஜெஸி அங்கே போன பிறகுதான் தெரிந்தது. மருந்தும் டாக்டரும் எட்டாத தொலைவில் இருக்கிற ஊர் என்றால் அங்கேயே ஒரு நர்ஸ் தங்க வேண்டும் என்பது கணக்கு. கீரிவளவு நாலரை மணி நேர ஊராக இருந்தவரை நர்ஸ் இருந்தாள். தும்பி பறந்த மறுமாசம் மேலாபீஸ் கணக்கில் யாரோ அந்த இடத்தில் பதினோரு நிமிஷம் என்று போட்டார்கள். அதோடு கீரிவளவு பக்கத்து ஊராகிவிட்டது. பக்கத்து ஊருக்கு எதற்கு நர்ஸ்? அடிவாரத்தில் வேறொரு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

பக்கத்து ஊர்தான். ஆனால் பாறையை விட்டு இறங்கினால் சிக்னல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி கிடையாது, அந்த ஊரில் வேதக்காரக் குடும்பமே அவள் ஒருத்திதான். பைபிளை மடியில் வைத்துக்கொண்டு தனியாகப் பாட்டுப் படிப்பாள். பாதியில் தன் குரலே தனக்கு அந்நியமாகப் படும், நிறுத்திவிடுவாள். தமிழரசன் குரல் மட்டும் தினமும் கேட்கும். பயிற்சியில் ஒரே ஒருமுறை பார்த்த ஆள். முகம்கூட மறந்துபோயிற்று. எதிர் முகட்டில் டேங்குக்குப் பக்கத்தில் அவன் நிற்கிறான் என்று தெரியும், கையை ஆட்டினால் தெரியாது. கிறிஸ்துமஸ் அன்றைக்கு மருந்துப் பெட்டியில் ஒரு துண்டு கேக் வைத்து அனுப்பினான். ஐஸ் பெட்டிக்குள் கிடந்து கல்லாட்டம் வந்தது. மருந்தல்லாத பொருளை ஏற்றியதற்காக அவனுக்கு எச்சரிக்கை வந்தது. அவள் அந்தக் கேக்கை வெயிலில் வைத்து, இளகும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அவளோடு முகம் கொடுத்துப் பேசிய ஒரே ஆள் காசியம்மாள்தான். பக்கத்து வீடு. சாமைச் சோறு ஆக்கினால் ஒரு கிண்ணம் வந்துவிடும். பேண்ட் போட்டுக்கொண்டு ஆடு ஓட்டுகிற பெண்ணை அப்போதுதான் பார்க்கிறேன் என்று கேலி செய்வாள்.

அவளுக்கு மூன்றாவது பிரசவம். ஐப்பசி மழையில், நாள் கணக்குக்கு முன்னாலேயே, காலையில் வலி எடுத்துவிட்டது. ஜீப் வரவில்லை. மலைச்சாலையில் மண் சரிந்திருந்தது. மாமியார் பார்த்துக் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ரத்தம்தான் நிற்கவில்லை.

ஜெஸி பாறைக்கு ஓடினாள். தமிழரசன் டாக்டரிடம் ஓடினான். மழை கொஞ்சம் விட்ட இடைவெளியில் தும்பியை ஏற்றிவிட்டார்கள். அது வந்துகொண்டிருக்கும்போதே டாக்டரம்மா போனில் வந்து, மருந்துக் குப்பியின் கழுத்தை எப்படி உடைப்பது, எவ்வளவு உறிஞ்சுவது, தொடையில் எந்த இடம் என்று சொன்னார். ஜெஸிக்கு அப்போதுதான் உறைத்தது.

“நான் நர்ஸ் இல்லீங்க டாக்டர்.”



“தெரியும்மா. அங்க வேற யாரு இருக்காங்க?”

வேறு யாரும் இல்லை. பெட்டி வந்து இறங்கியது. பதினோரு நிமிஷம், பிசகவில்லை. டாக்டர் சொன்னதையெல்லாம் வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே சரிவில் இறங்கி ஓடினாள். பாறையை விட்டு நாலடி வைத்ததுமே போன் செத்துவிட்டது. முதல் குப்பி அவள் விரல்களுக்குள்ளேயே நொறுங்கிப்போயிற்று. ரெண்டு அனுப்பியிருந்தார்கள், அதனால் தப்பித்தாள். ரெண்டாவதை உடைத்து, உறிஞ்சி, கண்ணை மூடாமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு குத்தினாள். டாக்டர் சொன்ன இடம்தானா என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது. அடிவயிற்றைத் தேய்த்துக்கொண்டே இரு என்றிருந்தார். அவளும் மாமியாரும் மாறி மாறித் தேய்த்தார்கள். ரத்தம் குறைந்தது. ஊசியாலா, மாமியார் கையாலா, தானாகவா, அதுவும் தெரியாது.

தும்பி இறங்கிய நேரம் மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கம்பெனியிலிருந்து வந்து அவளையும் காசியம்மாளையும் குழந்தையோடு நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். டாக்டர் நேரலையில் வழிகாட்ட, பட்டதாரிப் பெண் ஊசி போட்டார் என்று போட்டார்கள். எந்த நேரலை? குப்பி நொறுங்கிய நேரத்தில் அவள் காதில் இருந்தது குழந்தையின் அழுகையும் தகரத்தில் விழுந்த மழையும்தான். சொன்னாள். சிரித்துவிட்டு, தன்னடக்கம் என்றார்கள்.

ஊரில் ஊசிக்காரப் பொண்ணு என்று பேராகிவிட்டது. இடுப்பு வலி, காய்ச்சல், கட்டி, எதற்கும் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். தனக்குத் தெரியாது என்றால் நம்பவில்லை. முறம் முறமாகக் கொள்ளு கொண்டுவந்து வைத்தார்கள். யாரும் எட்டிப் பார்க்காத அறையில் ஆள் நிறைந்தது. அந்தக் கொஞ்ச நாள் அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

தை மாசத்தில் ஊரின் மேல்கோடியில் இருக்கிற மேல்வளவுக்காரி ஒருத்தி காய்ச்சலில் வெட்டி வெட்டி இழுக்கிற பெண்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மறுபடி பாறை, மறுபடி போன், மறுபடி தும்பி. மருந்து வந்தது. குழந்தையின் எடைக்குத் தக்க அளவு, ஜாஸ்தியாகிவிட்டால் மூச்சே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் அறுந்தது, மறுபடி கிடைக்கவில்லை. குழந்தையின் எடை என்ன? தராசு இல்லை. ஜெஸி தூக்கிப் பார்த்தாள். எட்டு கிலோவா, பன்னிரண்டா? கையில் இருந்த கனம் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்றாகச் சொன்னது. மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். கொடுக்கவில்லை. தகப்பன்காரன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அடிவாரத்துக்கு ஓடினான்.

குழந்தை பிழைத்துவிட்டது. வலது கை மட்டும் கொஞ்ச நாள் சரியாக எழும்பவில்லை என்றார்கள். தாய்க்காரி திரும்பி வந்து நேராக ஜெஸியின் வாசலில் நின்றாள். திட்டவில்லை.

“காசியம்மாளுக்குக் குத்தின கை எம்பொண்ணுக்கு மட்டும் கூசிச்சாம்மா?”

அதற்குப்பின் கொள்ளும் வரவில்லை, ஆளும் வரவில்லை. காசியம்மாள் வழக்கம்போலச் சோற்றுக் கிண்ணத்தை வைத்துவிட்டு, நீ குடுத்துத்தான் பார்த்திருக்கலாம் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். ஜெஸிக்கு அந்தச் சோறு இறங்கவில்லை. கம்பெனிக் கணக்கில் அந்தப் பறப்பும் வெற்றிதான். மருந்து பதினோரு நிமிஷத்தில் போய்ச் சேர்ந்ததா, சேர்ந்தது.

அந்த வாரத்தில்தான் சந்தியாவின் நம்பரைக் கண்டுபிடித்துப் பேசினாள். முன்பின் பார்த்திராத ரெண்டு பேர், ஒரே கண்ணாடியில் முகம் பார்த்தவர்கள். மேல்வளவில் எந்தக் குழந்தைக்கு இழுப்பு வரும், எந்த வீட்டுக் கிழவருக்குச் சர்க்கரை என்று சந்தியா வரிசையாகக் கேட்டாள். நீங்களே திரும்பி வந்துவிடுங்களேன் அக்கா என்றாள் ஜெஸி.

“நான் எழுதிக் குடுத்துட்டேம்மா. நீ பாறை மேல நிக்கிற வரைக்கும் அது கிட்ட இருக்கிற ஊரு. கிட்ட இருக்கிற ஊருக்கு ஆள் போட முடியாதுன்றாங்க.”

“நான் நிக்கலன்னா?”

“எறக்கி வாங்க ஆள் இல்லன்னா தும்பி எங்க எறங்கும்? மறுபடியும் தூரமாயிடும்.” சொல்லிவிட்டு சந்தியா சிரித்தாள். ஜெஸி சிரிக்கவில்லை.

விழாவுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டது அதற்கடுத்த மாசம். நேரில் கேட்டுவிடலாம், ஒரு மனுஷன் முகத்தைப் பார்த்துக் கேட்டால் இல்லை என்று சொல்வது அத்தனை சுலபமில்லை என்று நினைத்துத்தான் மலையை விட்டு இறங்கினாள்.

இளஞ்செழியனுக்கு அது சுலபமாகவே இருந்தது. அவரும் ரிஷிவந்தியம் பக்கத்தில் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர்தான், பள்ளிக்கூடத்துக்கு ஆறு மைல் நடந்தவர்தான். அதையெல்லாம் சொன்னார். நர்ஸ் போடுவது தன் கையில் இல்லை, அது வேறு துறை, தன் வேலை மருந்தை நேரத்தில் சேர்ப்பது என்றார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒரு நல்ல செய்தி இருக்கிறது, மேடையில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன் என்று குரலைத் தணித்தார். அவளுக்கு வேலை நிரந்தரம். புங்கம்பாடியில் ரெண்டு நாள் ஊசிப் பயிற்சி. கீரிவளவு மாதிரியே இன்னும் பன்னிரண்டு ஊரில் செய்யப்போகிறார்கள். ஒவ்வொரு ஊரிலும் ஒரு பாறை, ஒரு தார்ப்பாய், அவளைப்போல் படித்த ஒரு பெண்.

“அந்தப் பன்னெண்டு ஊர்லயும் இப்ப நர்ஸ் இருக்காங்களா சார்?”

அவர் கவிழ்த்து வைத்த செல்போனை நிமிர்த்தி மணி பார்த்தார். சில ஊரில் இருக்கிறார்கள் என்றார்.

“முதல் குப்பி எங்கையிலேயே ஒடைஞ்சி போச்சு சார். ரெண்டாவதும் ஒடைஞ்சிருந்தா இன்னிக்கு யாருக்குச் சால்வை போட்டிருப்பீங்க?”

“ஒடையலையேம்மா.”

அவ்வளவுதான் பதில். ஒடையலையே. அவர் ஏமாற்றுகிறவர் இல்லை, உண்மையிலேயே அவருக்கு அது போதுமானதாக இருந்தது. ஜெஸிக்கு அப்போது மலையில் இருந்ததைவிடத் தனியாக இருப்பது போலிருந்தது. அங்கே பேச ஆளில்லை. இங்கே எதிரிலேயே ஆள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

சந்தியாவிடம் கேட்டதையே அவரிடமும் கேட்டாள். தான் அங்கே இல்லாவிட்டால் என்ன ஆகும்? அவளைத் தேற்றுகிறதாக நினைத்துக்கொண்டு அவர் பதில் சொன்னார்.

“அதத்தாம்மா சொல்றேன், உன் அருமை உனக்கே தெரியல. எறக்குற எடத்துல ஆள் இல்லன்னா பதினோரு நிமிஷம் செல்லாது. ஊரு பழையபடி நாலரை மணி நேரத்துக்குப் போயிடும். அத்தனையும் உன் ஒருத்தியாலதான் நிக்குது.”

வாசலில் கார் சத்தம் கேட்டது. சால்வைப் பையை எடுத்துவரச் சொல்லிக்கொண்டே அவர் எழுந்து போனார். பத்து நிமிஷத்தில் கூப்பிடுவேன், முகம் கழுவிக்கொள் என்றார்.

ஜெஸி வெளியே வந்தாள். தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். ஈஸ்டருக்கு எடுத்த புடவை. மகள் மேடை ஏறப்போவதைக் கோயிலில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு, நைனார்பாளையத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தாள்.

“இன்னாடி, மூஞ்சிய இப்பிடி வெச்சிக்கினு வர? படம் புடிப்பாங்க இல்ல?”

ஜெஸி பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். சந்தியா சொன்னது, சார் சொன்னது, தான் பாறையில் நிற்கிறவரை நர்ஸ் வரமாட்டாள் என்பது, அதனால் நிற்கப்போவதில்லை என்பது. அம்மா பள்ளிக்கூடம் போகாதவள், ஆனால் கேள்வி கேட்கத் தெரியாதவள் இல்லை.

“நீ எறங்கி வந்துட்டா நாளைக்கே நர்ஸ் வந்துருவாளா?”

“வரமாட்டாங்க. ரெண்டு மாசம் ஆவும். மூணு மாசம்கூட ஆவும்.”

“அதுக்குள்ள வேற ஒருத்தியப் புடிச்சி ஒக்கார வெக்க மாட்டாங்களா?”

“எனக்கு முன்னாடி ரெண்டு பேரு ஓடிட்டாங்கம்மா. தேடின ஒடனே கெடைக்க மாட்டாங்க. கெடைச்சாலும் அவளும் நர்ஸ் வேணும்னு கேப்பா.”

“சரி. அதுக்குள்ள எவளுக்காவது வலி எடுத்தா? மருந்தும் வராது, நீயும் இருக்க மாட்ட.”

மலையிலிருந்து இறங்கின ஜீப்பில் வளைவுக்கு வளைவு ஜெஸி இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தாள். கிடைத்த பதில் ஒன்றே ஒன்றுதான், அதையும் சத்தமாகச் சொல்லிப் பார்த்ததில்லை.

“அப்ப அது தூரமான ஊருல நடந்ததா இருக்கும்மா. எல்லாரும் ஒத்துக்குவாங்க. இப்ப நடந்தா, பதினோரு நிமிஷத்துல மருந்து குடுத்தோம், அந்தப் பொண்ணுக்குப் போடத் தெரியலன்னு போயிடும். அடுத்ததுக்கும் நர்ஸ் வரமாட்டாங்க.”

ஆனந்தமேரி புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

“செத்துப்போறவளுக்கு ரெண்டும் ஒண்ணுதாண்டி.”

 அம்மா சொன்னது சரி. அது சரி என்பதால் மற்றது தப்பாகிவிடவில்லை. ரெண்டையும் சேர்த்துச் சுமந்துகொண்டுதான் போக வேண்டும், இறக்கிவைக்க இடமில்லை. மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு, போடத் தெரியாமலே ஊர் கிட்டத்தில் இருக்கிறது என்று காட்டுகிறவளாக மட்டும் இனிமேல் நிற்க முடியாது.

உள்ளே மைக்கில் யாரோ ஊதிப் பார்த்தார்கள். அம்மாவின் முகத்தில் கொஞ்சம் ஆசை மிச்சமிருந்தது. போட்டோ மட்டும் எடுத்துக்கினு வந்துடேன், அப்பாவுக்குக் காட்டலாம் என்றாள். ஜெஸி அம்மாவின் புடவைத் தலைப்பை நீவிவிட்டாள். வேண்டாம்மா என்று எழுந்தாள்.

இளஞ்செழியன் சால்வைப் பையோடு திரும்பி வந்தபோது அவள் மணமகன் அறையில் நின்றிருந்தாள். மேசைமேல் பின்னறைச் சாவி, கம்பெனிக் கைப்போன், கம்பிலிருந்து அவிழ்த்த காற்றுத் துணி, அடையாள அட்டை. சாவியை ஊரில் காசியம்மாளிடம் கொடுத்துவிட்டு வருவதுதான் வழக்கம். இந்தத் தடவை கொடுக்கவில்லை. முந்தின நாளே பாறையிலிருந்து தார்ப்பாயைச் சுருட்டி உள்ளே வைத்துப் பூட்டியிருந்தாள். ஒருவேளை இவர் சரி என்று சொல்லியிருந்தால் அத்தனையும் திரும்ப மலை ஏறியிருக்கும்.

அவர் சாவியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் கோபம் மாதிரி ஒன்று வந்தது. மேடையில் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள், ஒரு மாசம் முன்னால் சொல்லியிருக்க வேண்டும், இப்படி அந்தரத்தில் விட்டுவிட்டுப் போவது நியாயமா என்றார். கீரிவளவு ஜனங்களை நினைத்துப் பார்த்தாயா என்றும் கேட்டார்.

“அவங்கள நெனச்சித்தாங்க சார். இன்னிலருந்து கீரிவளவு நாலரை மணி நேரம். அப்பிடியே எழுதிடுங்க.”

“படிச்ச பொண்ணு, யோசிச்சுப் பேசு ஜெஸி.”

“யோசிச்சிட்டேன் சார்.”

வெளியே வந்தாள். தாழ்வாரத்தில் அம்மா எழுந்திருக்கவில்லை. கூடவே வருவதா, உட்கார்ந்து யாருக்காவது பதில் சொல்வதா என்று தெரியாமல் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். ஜெஸி நிற்கவில்லை. நின்றால் அம்மா கையைப் பிடிப்பாள், பிடித்தால் உட்கார்ந்துவிடுவோம் என்று தெரிந்தது.

மண்டபத்து வாசலில் வாழைமரத்துக்குக் கீழே, தட்டில் சந்தனமும் கற்கண்டும் வைத்துக்கொண்டு நின்ற பெண், விழாவுக்கு வந்தவள் என்று நினைத்து அவளிடம் நீட்டினாள். ஜெஸி தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினாள். சேலம் ரோட்டில் வெயில் ஏறியிருந்தது. உள்ளே அவள் பெயரை மைக்கில் ஒருமுறை கூப்பிட்டார்கள், கொஞ்சம் விட்டு இன்னொரு முறை. அவள் ரோட்டைக் கடந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.